உயிரைத் தாங்கும் கயிறு

காரைதீவில் கயிறு இல்லாத வீடு இல்லை எனலாம். கிணற்றடியில் வாளியோடு ஒரு கயிறு. மாட்டுக் கொட்டிலில் ஒரு கயிறு. தென்னை ஏறுவோனின் காலுக்கு ஒரு தளை. கடற்கரையில் கரைவலை இழுக்க நெடிய வடம். கைக்குழந்தையின் ஏணைக்கு உத்தரத்தில் ஒரு கயிறு. வடக்கே மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை, தெற்கே நிந்தவூர் எனக் கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்பட்டியில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் யாவற்றிலும் இதுவே நிலை. தமிழரும் முஸ்லிம்களும் வேலி ஒன்றையே எல்லையாகக் கொண்டு வாழும் இப்பகுதியில், இரவற் பொருள்களில் அடிக்கடி வீடு மாறுவதும் கயிறுதான். நரம்பின் நீளத்தையும் இழுவையையும் அதனால் எழும் ஓசையையும் ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊரும் இதுவே. யாழின் நரம்பை ஆளும் இயற்கை விதிதான் கிணற்றுக் கயிற்றையும் ஆளுகின்றது. எனினும் அக்கயிற்றை ஆபத்து வேளையில் மனித உடலோடு எவ்வாறு பிணைப்பது என்பது நம்மவருள் மிகச் சிலரே முறையாகக் கற்ற கலையாகும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இதே பகுதியில் நிகழ்ந்த துயரம் இன்னும் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. தொடர்மழையால் வயல்வெளி கடலாகி, காரைதீவிலிருந்து அம்பாறைக்குச் செல்லும் வீதியை மாவடிப்பள்ளியருகே வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்தது. நிந்தவூரில் மார்க்கக் கல்வி பயின்ற மாணவர் வீடு திரும்புகையில், அவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அவ்வெள்ளத்தில் அள்ளுண்டது. சிலர் காப்பாற்றப்பட்டனர். மாணவரும், இயந்திரத்தைச் செலுத்தியவரும் உட்படப் பலர் மாண்டனர். அதற்கு முன் 2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை, இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறை மாவட்டத்திலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டு சென்றது. இவ்வாறான வேளைகளில் முதலில் ஓடி வருவோர் படையினரோ தீயணைப்போரோ அல்லர், அயலவரே. அவர் கையில் முதலில் அகப்படுவதும் கயிறே. அந்தக் கயிறு உயிரைக் காக்கவும் கூடும். அறியாது கட்டினால் உயிரை வாங்கவும் கூடும்.

கயிற்றை இடுப்பிற் சுற்றி ஒரு முடிச்சிட்டு மனிதனைத் தொங்கவிடுதல் எளிய வழி போலத் தோன்றும். மலையேறுவோரும் நெடுங்காலம் இதையே செய்து வந்தனர். 1953 மே 29இல் தென்சிங்கும் ஹிலறியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தபோது அவர்களை ஒருவரோடொருவர் இணைத்தது இடுப்பிற் கட்டிய கயிறேயாகும். நடக்கையில் சறுக்கினால் தடுத்து நிறுத்த அது போதும். ஆனால் அந்தரத்தில் தொங்க நேரின் அதுவே கொடுமை செய்யும். உடற்பாரம் முழுவதும் ஒரு விரலளவு தடித்த கயிற்றில் தங்க, அக்கயிறு மெல்ல மெல்ல விலாவை நோக்கி ஏறுகின்றது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தட்டு அசைய இடமின்றி மூச்சு முட்டுகிறது. சில நிமிடங்களில் மயக்கமும், தொடர்ந்து தொங்கினால் மரணமும் நேரும். இதனை உணர்ந்த பின்னரே தொடைகளிலும் இடுப்பிலும் பாரத்தைப் பகிரும் பட்டிக் கச்சைகள் தோன்றின. 1970இல் அன்னபூர்ணா மலையின் தெற்கு முகத்தில் ஏறிய பிரித்தானியக் குழுவுக்காக டொன் வில்லன்ஸ் வகுத்த கச்சை அவற்றுள் பெயர் பெற்றது. 2016ஆம் ஆண்டில் எவரெஸ்ட்டில் ஏறிய முதல் இலங்கையரான ஜயந்தி குரு உதும்பால அணிந்திருந்ததும் அந்த வழியில் வந்த கச்சையே. கடையில் வாங்கும் கச்சைக்கு ஈடு வேறில்லை. கச்சை கைவசம் இல்லாத இடத்தில், அது செய்யும் வேலையைக் கயிற்றைக் கொண்டே இயன்றவரை செய்விப்பது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

இதற்கு அடிப்படையான உண்மை ஒன்றே. மனித உடலில் பாரத்தை நெடுநேரம் தாங்கத்தக்க இடங்கள் தொடையின் மேற்பகுதியும் பிட்டமும் ஆகும். வயிறும் அக்குளும் கழுத்தும் தாங்கத்தக்கன அல்ல. குழந்தையை ஏணையிற் கிடத்தும் தாய் இதை நூல் படித்து அறிந்தவள் அல்லள். ஆயினும் சீலையின் அகலமே குழந்தையின் சுகம் என்பதை அவள் அறிவாள். கயிற்று இருக்கைக்கும் அதுவே விதி. சுற்றுகள் கூடக் கூடப் பாரம் பரவும். கயிற்றுக்கும் தோலுக்கும் இடையே மடித்த சாறனோ சாக்கோ இருந்தால் நோவு குறையும்.

இனிக் கயிற்றின் தெரிவு. வீட்டில் உள்ள கயிறுகளுள் தும்புக்கயிறு உப்பு நீருக்கு அஞ்சாது, நன்றாக நீண்டு கொடுக்கும், கையில் வழுக்காது. ஆனால் அதே தடிப்புள்ள நைலோன் கயிற்றோடு ஒப்பிட்டால் அதன் வலிமை மிகக் குறைவு. உள்ளே உக்கியிருப்பது வெளியே தெரியாது. வள்ளங்களில் வழங்கும் நைலோன் கயிறு வலியது. 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள புதிய நைலோன் கயிற்றை அறுக்க ஏறக்குறைய 2,000 கிலோகிராம் பாரம் வேண்டும். நனைந்தால் அவ்வலிமையில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகக் குறையும். முடிச்சிட்ட இடத்தில் பாதி வரைகூடக் குறையலாம். வெயிலிற் கிடந்து பழையதானால் இன்னும் குறையும். எழுபது கிலோகிராம் மனிதனுக்கு இரண்டாயிரம் ஏன் என்று கேட்பவர் இக்குறைவுகளையும், கயிறு திடீரென இழுபடும்போது எழும் அதிர்வையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நீலம், மஞ்சள் நிறங்களில் மலிவாக விற்கும் பொலிபுரொப்பிலீன் கயிறு நீரில் மிதக்கும். வெள்ளத்தில் எறிவதற்கு அதைவிட வாய்ப்பானது வேறில்லை. ஆனால் அதன் வழுவழுப்பினால் முடிச்சு நழுவும், கயிற்றோடு கயிறு உரசினால் வெப்பத்தில் உருகும், வெயிலில் நொறுங்கும். ஆதலால் ஒருவரைத் தொங்கவிடுவதற்கு அது கடைசித் துணையாகவே கொள்ளத்தக்கது. எந்தக் கயிறாயினும் கட்டுமுன் முழு நீளத்தையும் கையால் உருவிப் பார்த்தல் வேண்டும். மாடு கட்டிய கயிற்றில் முளைக்கு அருகே உள்ள ஒரு முழமே பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அதை வெட்டி எறிவதில் கஞ்சத்தனம் ஆகாது.

முடிச்சுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. உயிர் காக்க ஒன்றைச் செவ்வையாக அறிந்தாலே பெரும்பயன். கப்பலோட்டிகளும் சாரணரும் பௌலின் என்று வழங்கும் முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு அன்று. இட்ட அளவிலேயே நிற்கும் கண்ணி. ஒருவன் உடலைச் சுற்றிச் சுருக்குக் கண்ணியை இடுவது தூக்குக் கயிறு இடுவதற்கு ஒப்பாகும் என்பதை முதலில் மனத்திற் பதித்தல் நன்று. பௌலின் இடுமாறு: கயிற்றின் நெடும்பகுதியில் ஒரு சிறு வளையம் செய்க. வளையம் குறுக்கிடும் இடத்தில் முனையை நோக்கிச் செல்லும் பகுதி மேலாகவும், நெடுங்கயிறு கீழாகவும் அமைதல் வேண்டும். பின்னர் முனையை உடலைச் சுற்றிக் கொணர்ந்து, அவ்வளையத்தினுள் கீழிருந்து மேலாக நுழைத்து, நெடுங்கயிற்றின் பின்புறமாகச் சுற்றி, வந்த வழியே வளையத்தினுள் மீண்டும் கீழே இறக்கி இறுக்குக. மேல்நாட்டுச் சாரணச் சிறுவருக்கு இதை முயலும் வளையும் மரமும் கொண்ட கதையாகக் கற்பிப்பர். காரைதீவுப் பிள்ளைக்கு அதை உடும்பின் கதையாகச் சொல்லலாம்: உடும்பு புற்றிலிருந்து வெளியே வந்தது, தென்னையைச் சுற்றியது, திரும்பப் புற்றுக்குள் புகுந்தது. எஞ்சிய முனை ஒரு சாணுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அதைப் பக்கத்துக் கயிற்றில் இருமுறை சுற்றி முடிந்துவிடுக. ஏனெனில் பாரமின்றி ஆடும்போது, சிறப்பாக விறைத்த நைலோன் கயிற்றில், இம்முடிச்சு தானே தளர்வதுண்டு. இது இவ்வூர்த் தோணிக்காரருக்குப் புதிதன்று. தண்டையல்மார் இதை இருளிலும் ஒரு கையாலும் இடுவர். அவர்தம் முடிச்சுகளை எழுதி வைத்தவர் இல்லை என்பது பெருங்குறை.

இம்முடிச்சால் மார்பைச் சுற்றி, இரு கைகளின் கீழே இட்ட ஒற்றைக் கண்ணி, நீரிலிருந்து ஒருவனைத் தோணிக்குள்ளோ மதிலின் மேலோ விரைவில் இழுத்தெடுக்கப் போதும். ஆயினும் இரு குறைகள் அதற்குண்டு. அதிற் தொங்குபவனுக்கு மூச்சு விரைவில் இடறும். மயங்கியவனோ சிறுபிள்ளையோ கைகளை மேலே தூக்கிவிட்டால் கண்ணியினின்றும் வழுவி விழுந்துவிடக்கூடும். ஆகவே ஓரிரு நிமிடத்துக்கு மேற்பட்ட எவ்வேலைக்கும் கயிற்று இருக்கையே தக்கது.

இருக்கை கட்ட ஏறக்குறைய 5 மீற்றர் கயிறு வேண்டும். பருத்த உடலினர்க்கு இன்னும் ஒரு மீற்றர். கயிற்றின் நடுவை இடது இடுப்பெலும்பின் மேல் வைத்து, இரு பாதிகளையும் உடலைச் சுற்றி முன்னே கொண்டுவருக. முன்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை முறுக்கி இறுக்குக. இனி இரு முனைகளையும் தொடைகளுக்கு இடையே கீழே விட்டு, பின்புறமாகப் பிட்டத்தின்மேல் ஒவ்வொரு பக்கமாகக் கொண்டுவந்து, இடுப்புக் கயிற்றின் கீழ்ப்புறத்தினூடு நுழைத்து மேலே எடுத்து, நன்றாக இழுத்து இறுக்குக. கட்டப்படுபவர் இப்போது இருமுறை குந்தி எழவேண்டும். குந்தும்போது கயிறு தளரும்; தளர்ந்ததை மறுபடி இழுக்கவேண்டும். இதைச் செய்யாது விட்டவர் தொங்கும்போதுதான் அதன் அருமையை உணர்வர். பின்னர் இரு முனைகளையும் இடுப்பைச் சுற்றிக் கொணர்ந்து இடதுபுறத்தில் வலமும் இடமுமாக மாற்றிக் கட்டும் சதுர முடிச்சால் இணைத்து, எஞ்சிய நுனிகளை இருபுறமும் இரண்டிரண்டு அரைச்சுற்றுக்களால் காவல் செய்க. இறக்கும் பெருங்கயிற்றை இடுப்புக் கயிற்றில் மட்டும் கட்டலாகாது. முன்புறத்தில் முறுக்கிய கயிறுகளையும் இடுப்புச் சுற்றையும் ஒருங்கே உள்ளடக்கிப் பௌலின் இடவேண்டும். அப்போதுதான் பாரம் தொடைக்குச் செல்லும். இடுப்புக் கயிறு இடுப்பெலும்புக்கு மேலே இருக்கிறதா என்பதையும் நோக்குக. அதன் கீழ் இருந்தால் தலைகீழாகக் கவிழ்ந்தவன் இருக்கையினின்றும் நழுவுவான்.

நினைவற்றவர்க்கும் காயம்பட்டவர்க்கும் இவ்வளவு நுணுக்கமாகக் கட்ட நேரமிராது. அவர்க்கு இரட்டைக் கண்ணி உதவும். கயிற்றை இரட்டையாக மடித்து அதே பௌலின் வளையத்தை இட்டு, மடிப்பை வளையத்தினூடு மேலே எடுத்தபின், முனையை நெடுங்கயிற்றின் பின்னாற் சுற்றுவதற்குப் பதிலாக, மடிப்பை விரித்து இரு பெருங்கண்ணிகளையும் அதனூடு கடத்தி, முடிச்சின் பின்னே ஏற்றி இறுக்கவேண்டும். தொடைக்கு ஒன்றாக இரு கண்ணிகளையும் மாட்டி, எஞ்சிய குறுங்கயிற்றால் மார்பைச் சுற்றிப் பெருங்கயிற்றோடு பிணைத்தால் உடல் நிமிர்ந்து நிற்கும். இதை வாசித்து அறிவது கடினம். கையிற் கயிற்றை வைத்துக்கொண்டு, அறிந்த ஒருவரிடம் பத்துமுறை இட்டுப் பழகுவது எளிது. எந்த இருக்கையையும் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரக்கொம்பிலே தொங்கிச் சோதித்த பின்னரே ஆழத்துக்குக் கொண்டு செல்லவேண்டும்.

இருக்கை செம்மையாக இருந்தும் மேலே பிடித்திருப்பவர் கைவிட்டால் பயன் என்ன? எழுபது கிலோகிராம் பாரத்தை வெறுங்கையால் மெல்ல இறக்குவது மூவருக்கும் அரிது. இங்கேதான் தென்னை துணைக்கு வருகிறது. கயிற்றை மரத்தடியில் ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பிடித்தால், உராய்வு பாரத்தின் பெரும்பகுதியை ஏற்கும். உராய்வுக் கெழு 0.3 எனக் கொண்டு கணித்தால் ஒரு சுற்றில் பிடிப்பவருக்கு எஞ்சுவது ஏறக்குறைய 11 கிலோகிராம். இரு சுற்றில் இரண்டு கிலோகிராமுக்கும் குறைவு. ஒரு சிறுவனே பெரியவர் ஒருவரை இறக்கக்கூடிய அளவு இது. ஆனால் கிணற்றுக் கப்பியின் தூண்களை நம்பலாகாது. அவை வாளிக்காக நாட்டப்பட்டவை. மரத்தையும் அடியிலே சுற்றவேண்டும். உயரத்திற் சுற்றினால் நெம்புகோலாகி, மழையில் ஊறிய மணலில் வேர் பெயரும். இரு மரங்களுக்கு இடையே கயிற்றை விறைப்பாகக் கட்டி அதன் நடுவில் ஒருவரைத் தொங்கவிடுவதும் ஆபத்தே. இரு பக்கமும் சாய்ந்திறங்கும் கயிறுகளுக்கு இடைப்பட்ட கோணம் 120 பாகையானால் ஒவ்வொரு பக்கமும் முழுப் பாரத்தைத் தாங்கும்; 170 பாகையாக விரிந்தால் பாரத்தைப்போல் ஐந்தே முக்கால் மடங்கு இழுவை எழும். 

கயிற்றின் நீளமும் அளவிட்டுக் கொள்ளவேண்டிய ஒன்று. 1936 யூலையில் அல்ப்ஸ் மலையின் ஐகர் வடமுகத்தில் தோழர் மூவரையும் இழந்து கயிற்றில் தொங்கிய ரோனி குர்ஸ் என்ற இளைஞரை மீட்க வழிகாட்டிகள் முயன்றனர். அவர்கள் அனுப்பிய கயிறு நீளம் போதாமையால் இரண்டை முடிந்து அனுப்பினர். அவர் இறங்கி வருகையில் அம்முடிச்சு அவரது கச்சையின் உலோக வளையத்திற் சிக்கி நின்றுவிட்டது. உறைந்த கையால் அதை விடுவிக்க இயலாமல், மீட்போருக்குச் சற்று மேலேயே அவர் உயிர் துறந்தார். எனவே இரு கயிறுகளை இணைக்க நேரின், அம்முடிச்சு எந்த வளையத்தினூடும் கடந்து செல்லவேண்டிய தேவை எழாதவாறு முன்கூட்டியே எண்ணுதல் வேண்டும்.

தென்னையில் ஏறியவர் ஓலைக்கிடையே சிக்குண்டோ குளவி கொட்டியோ மயங்கினால், கீழே இறக்குவதற்கு முன் அவரை மரத்தோடு அணைத்துக் கட்டுவதே முதற்கடன். மேலே ஏறும் மற்றவர் தம்மை மரத்தோடு கட்டிக்கொண்ட பின்னரே சிக்குண்டவரைத் தொடவேண்டும். மயங்கியவர் பற்றிக்கொண்டால் இருவரும் விழுவர். கயிறு ஒருபோதும் தளர்ந்து தொங்கலாகாது. நீண்டு கொடுக்காத கயிறு சில அடி தளர்ந்திருந்து பின் இழுபட்டால், உடலின் எடையைப் பல மடங்காக்கி இடுப்பையும் முதுகெலும்பையும் முறித்துவிடும்.

கிணறுகளைப் பொறுத்தவரை இப்பகுதியில் ஆழம் பெரிதன்று. மணலில் நீர்மட்டம் உயரவே உள்ளது. ஆபத்து ஆழத்தில் இல்லை, காற்றில் உண்டு. கிணறு இறைக்கப் பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள்ளே இறக்கி இயக்கினால் கரியோரொட்சைட்டு என்னும் நஞ்சுவாயு அடியில் நிரம்பும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. விளக்கை இறக்கிப் பார்த்தாலும் அணையாது. ஒருவன் உள்ளே சாய்ந்தான் எனக் கண்டு தம்பி இறங்க, தம்பியைக் கண்டு மாமன் இறங்க, ஒரு குடும்பமே மாண்ட நிகழ்ச்சிகள் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் மீண்டும் மீண்டும் நடந்துள்ளன. ஆகவே கிணறு துப்புரவு செய்ய இறங்குபவர் ஏணியிருப்பினும் கயிற்று இருக்கையுடனேயே இறங்குதல் வேண்டும். அதன் நெடுங்கயிறு மேலே இருப்பவர் கையில் இருத்தல் வேண்டும். அவர் தள்ளாடினால் எவரும் உள்ளே இறங்காமல் மேலிருந்தே அவரை எடுத்துவிடலாம். இருக்கையின் மிகப் பெரிய பயன் இதுவே. கயிறின்றி உள்ளே விழுந்து மூச்சற்றுக் கிடப்பவரை நாடி இறங்க, மூச்சுக் கருவி உடைய தீயணைப்போருக்கே இயலும். 119, 117, 1990 ஆகிய இலக்கங்களை அப்போது தேடிக்கொண்டிராமல் முன்னரே கிணற்றடிச் சுவரில் எழுதி வைத்திருத்தல் நன்று. அவை முறையே பொலிஸ், அனர்த்த முகாமைத்துவ நிலையம், இலவச அம்புலன்ஸ் ஆகியவற்றுக்குரியன.

இனி, மாவடிப்பள்ளி வெள்ளம் போன்ற பெருக்கில் செய்யவேண்டியது யாது? இதுவரை கூறிய கட்டுகளுள் ஒன்றையும் ஓடும் நீரில் இட்டுக்கொள்ளலாகாது என்பதே அதற்கு விடை. பலருக்கு இது வியப்பாக இருக்கும். இடுப்பிற் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுமுனையை மரத்திற் பிணைத்து, ஆற்றிற் குதிக்கும் வீரனைத் திரைப்படங்கள் நமக்குக் காட்டியிருக்கின்றன. உண்மையிலே நடப்பது வேறு. நீரின் தள்ளுவிசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கின்றது. மார்பளவு நீரில் நிற்கும் ஒருவரைச் செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடும் நீர் ஏறக்குறைய 28 கிலோகிராம் விசையோடு தள்ளுமானால், இரண்டு மீற்றர் வேகத்தில் அது 110 கிலோகிராமுக்கு மேல் ஏறும். கால் தடுமாறியவுடன் கயிறு அவரை நிறுத்துகிறது. நீர் அவரை மடக்கி அமிழ்த்துகிறது. கயிறு விறைத்திருப்பதால் முடிச்சை அவிழ்க்க முடியாது. கரையில் நிற்போர் எவ்வளவுக்கு இறுகப் பிடிக்கின்றனரோ அவ்வளவுக்கு அவர் நீரின் கீழே செல்கிறார். பயிற்சி பெற்ற மீட்போர் பயன்படுத்தும் அங்கியில் ஒரே இழுப்பில் கழன்றுவிடும் பிணைப்பு உண்டு. வீட்டுக் கயிற்றில் அது இல்லை.

வெள்ளத்தில் கயிறு எறியப்பட வேண்டியது. கட்டப்பட வேண்டியது அன்று. மிதக்கும் கயிற்றின் முனையில் மூடியிட்ட வெற்றுப் பிளாஸ்டிக் கலன் ஒன்றைக் கட்டினால் தூரம் செல்லும், கண்ணுக்கும் தெரியும். 15 முதல் 20 மீற்றர் நீளம் தாராளம். எறிபவர் சிக்குண்டவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் திரும்பிப் பார்த்த பின்னரே எறியவேண்டும். "தம்பி, கயித்தைப் புடி! கையில சுத்தாத!" என்ற இரு சொற்றொடர்கள் போதும். பிடித்தவர் மல்லாந்து கிடந்து, கயிற்றைத் தோளின்மேலாக மார்பில் அணைத்துக்கொண்டால் நீரே அவரை ஊசலாட்டிக் கரைக்குக் கொணரும். எறிந்தவரும் தம் இடுப்பிலோ மணிக்கட்டிலோ கயிற்றைச் சுற்றிக்கொள்ளாமல், மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையாற் பிடித்து, தேவையானால் விட்டுவிடக்கூடிய நிலையில் நிற்கவேண்டும்.

கயிறே இல்லாத இடத்திலும் வழியுண்டு. 2020 ஓகஸ்ட் 6ஆம் நாள் தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டத்தில் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் மூழ்குவதைக் கண்ட மூன்று பெண்கள், தாம் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து எறிந்து இருவரைக் கரையேற்றினர். மற்றைய இருவரைக் காக்க இயலவில்லை. அப்பெண்களுக்குத் தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டே கல்பனா சாவ்லா விருதளித்தது. ஐந்தரை மீற்றர் பருத்திச் சேலை வெறும் உடையன்று. முறுக்கினால் கயிறு, விரித்தால் ஏணை, மடித்தால் இருக்கைக்கு மெத்தை. நாணத்தைவிட உயிரைப் பெரிதென அக்கணத்தில் எண்ணியமைதான் அவர்தம் அருஞ்செயல்.

மேலே எடுத்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டியது உண்டு. இருக்கையில் அசையாது தொங்குபவரின் கால்களில் குருதி தேங்கி, மூளைக்குச் செல்வது குறைந்து மயக்கம் வரும். எனவே தொங்கும்போது கால்களை அடிக்கடி அசைக்கவும், சுவரில் உதைக்கவும் சொல்லவேண்டும். இறக்கியவுடன் படுக்கவைத்தால் தேங்கிய குருதி இதயத்தைத் தாக்கும் என்றும், ஆதலால் உட்கார வைக்கவேண்டும் என்றும் ஒரு கொள்கை நெடுநாள் வழங்கியது. 2009இல் பிரித்தானியச் சுகாதார பாதுகாப்பு நிறைவேற்றகம் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஆதாரமில்லை எனக் கண்டது. மயங்கியவரைத் தாமதமின்றி மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்து, மூச்சில்லையாயின் வழக்கமான முதலுதவியைத் தொடங்குவதே இப்போது ஏற்கப்பட்ட முறை. கட்டுகளை அவிழ்க்க முடியாவிடின் வெட்டிவிடலாம். அதற்கென ஒரு கத்தி மீட்போர் ஒருவரின் மடியில் இருத்தல் நன்று.

வேலை முடிந்த கயிற்றை உப்பு நீங்க நன்னீரில் அலசி, வெயிலில் அன்றி நிழலிற் காயவைத்து, சுருளாக்கித் தொங்கவிடவேண்டும். பெற்றோலும் பற்றரி அமிலமும் உள்ள மூலையில் அதை வைத்தலாகாது. ஒருவர் விழுந்த வேகத்தை ஒருமுறை தாங்கிய கயிறு வெளியே புதியதாகத் தோன்றினும் உள்ளே இழைகள் அறுந்திருக்கலாம். அதனை மாட்டுக் கொட்டிலுக்குக் கொடுத்துவிட்டு, புதியதொன்றைத் தனியே, வேறு நிற நூல் கட்டி அடையாளமிட்டு, கதவின் பின்னால் உள்ள ஆணியில் மாட்டிவைக்கலாம்.